ஸ்க்ரூ டைட், ரைஃபிள் லூஸ்: எவ்வளவு இறுக்கினா போதும்?

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல உட்கார்ந்து என் பைக்குக்கு நானே ஆயில் மாத்தினேன். யூடியூப்ல மூணு வீடியோ பார்த்தாச்சு, ஸ்பேனர் செட் வாங்கியாச்சு. பழைய ஆயிலை இறக்கிட்டு டிரெய்ன் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது ஒரு பயம். லூசா இருந்து நடு ரோட்டுல ஆயில் ஒழுகிட்டா? அதனால நீளமான ஸ்பேனரை எடுத்து "இன்னும் கொஞ்சம்"னு ஒரு அழுத்து அழுத்தினேன். கையில சட்டுனு ஒரு வெறுமை. போல்ட் சும்மா சுத்துது. உள்ளே இருந்த அலுமினிய இழை உரிஞ்சு போச்சு.

வண்டியைத் தள்ளிக்கிட்டே மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். பார்த்தார், சிரிச்சார். "தம்பி, போல்ட் 'போதும்'னு சொல்லும். நீ கேக்கல"ன்னார். "அது எப்படிண்ணே சொல்லும்?"னு கேட்டேன். "கைக்குத் தெரியும்"னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். 'கைக்குத் தெரியும்'கிறது எனக்குப் பதிலே இல்லை. எத்தனை நியூட்டன் மீட்டர், எங்கே எழுதியிருக்கு, அதைச் சொல்லுங்க! ஆனா அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒரே கேள்வி. இந்தக் கேள்வியில தப்பவே கூடாதுன்னு இருந்தவங்க வரலாற்றுல யாரு? அவங்க எப்படி முடிவு பண்ணாங்க? தேடிப் போனா, வந்து சேர்ந்த இடம் ரைஃபிள். அதுல ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ.

முதல்லயே சொல்லிடறேன். என்கிட்ட துப்பாக்கி கிடையாது, வாங்கற எண்ணமும் இல்லை. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம அதைத் தொடக்கூட முடியாது. என் மொத்த அனுபவம் காலேஜ் என்.சி.சி.ல பாயிண்ட் 22 ரைஃபிள்ல சில ரவுண்டு சுட்டது மட்டும்தான். அப்போ ஒரு நாள் ரைஃபிளின் அடியில ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் வெளியே வந்த மாதிரி இருக்கேன்னு ஒரு ரூபாய் நாணயத்தை வெச்சுத் திருகப் போனேன். எங்க ஹவில்தார் சார் போட்ட சத்தத்துல மைதானமே திரும்பிப் பார்த்துச்சு. "அதைத் தொடாதே! அது ஆர்மரர் வேலை!"

ஒரு ஸ்க்ரூவுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு அப்போ புரியல. இப்போ புரியுது.

ரெண்டு ஸ்க்ரூ என்ன செய்யுது?

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை மனசுல ரெண்டு பாகமா பிரிச்சுக்கோங்க. ஒண்ணு இரும்பு: குழல், அதோட பின்னாடி பொருந்தியிருக்கிற ரிசீவர், அதுக்குள்ள கையால இழுத்துத் தள்ளுற போல்ட். ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன். இன்னொண்ணு மரம்: தோள்ல வெச்சுக் கையில பிடிக்கிற கட்டை. இந்த இரும்பை மரத்தோட பிடிச்சு வெக்கிறது கீழே இருந்து மேலே போகிற ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள். பெரும்பாலும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

சுடும்போது இரும்பு முழுசா பின்னாடி உதைக்கும், குழல் அதிரும். அதுல தப்பில்லை. ஆனா அடுத்த ரவுண்டுக்குள்ள இரும்பு மரத்துக்குள்ள அதே பழைய இடத்துக்கு வந்து உட்காரணும். ஒரு மயிரிழை மாறி உட்கார்ந்தாலும் குறி வேற இடத்துக்குப் போயிடும். ஸ்க்ரூ லூசா இருந்தா இரும்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல உட்காரும். அதிகமா இறுக்கினா மரம் நசுங்கும், இல்லைன்னா இரும்பே லேசா வளையும். ரெண்டுமே தப்பு, நடுவுல ஒரு குறுகலான இடம்தான் சரி.

சிக்கல் என்னன்னா மரம் ஒரு நிலையில நிக்காது. மழைக்காலத்துல ஊதும், கோடையில சுருங்கும். நம்ம வீட்டுக் கதவு கார்த்திகை மாசம் மூடாது, சித்திரையில சுலபமா மூடும், அதே கதைதான். இன்னைக்குச் சரியா இறுக்கினது ஆறு மாசத்துல தப்பா ஆகிடும்.

ரெண்டு கம்பெனி, ரெண்டு பதில்

இதுக்கு ஜெர்மனியில பால் மவுசர் வழியில ஒரு பதில் வந்துச்சு. 1898-ல் ஜெர்மன் ராணுவம் ஏத்துக்கிட்ட மவுசர் 98-ல் பின்பக்க ஸ்க்ரூ நேரடியா மரத்துக்குள்ள போகாது. ஓர் இரும்புக் குழாய்க்குள்ள போகும். ஸ்க்ரூவை இறுக்கும்போது அந்த அழுத்தத்தை மரத்துக்குப் பதிலா குழாய் தாங்கிக்கும். அதோட நிக்கல. ரெண்டு ஆக்‌ஷன் ஸ்க்ரூவோட தலைக்குப் பக்கத்துலயும் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். பெரிய ஸ்க்ரூ தானா கழன்று வராம இருக்க இது பூட்டு. ஸ்க்ரூவுக்குக் காவலா ஒரு ஸ்க்ரூ!

பிரிட்டன்ல வேற கதை. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைச்ச போல்ட்டும் என்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையும் சேர்ந்ததுதான் லீ-என்ஃபீல்டு. நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல, தமிழ்ப் படங்கள்ல, கான்ஸ்டபிள் தோள்ல தொங்கின 'த்ரீ நாட் த்ரீ' இதுதான். இதுல மிகப் பிரபலமான குட்டை ரக மார்க் 3 மாடல் 1907-ல் வந்துச்சு.

இதுல முன்பக்க டிரிகர் கார்டு ஸ்க்ரூதான் முக்கியம். அதைச் சுத்தி, மரத்துக்குள்ள, காலர்னு ஒரு சின்ன உலோக வளையம் இருக்கும். வேலை மவுசர் குழாய் மாதிரிதான்: ஸ்க்ரூ ஓர் அளவுக்கு மேல மரத்தை நசுக்காம தடுக்கணும். புது ரைஃபிள்ல காலரோட நீளத்தை ரொம்பத் துல்லியமா வெச்சிருப்பாங்க. ஸ்க்ரூவை முழுசா இறுக்கும்போது மரம் லேசா அழுந்தும், அதே நேரம் காலரும் முட்டும்.

இப்போ பத்து வருஷம் கழிச்சுப் பாருங்க. மரம் காய்ஞ்சு சுருங்கிடுச்சு. காலர் இரும்பு, அது சுருங்காது. ஆர்மரர் ஸ்க்ரூவை இறுக்கறார். கை நல்லா நிக்குது, இனி ஒரு கால் சுத்துகூடப் போகாது. ஆனா அவர் இறுக்கினது இரும்பை இரும்போட. நடுவுல மரம் சும்மா ஆடிட்டு இருக்கு. ஸ்க்ரூ டைட், ரைஃபிள் லூஸ்!

இதைப் படிச்சப்போ எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. எல்லா டெஸ்ட்டும் பச்சை, ஆனா ஆப் வேலை செய்யல. நாம எதைச் சோதிக்கிறோம்னு நினைக்கிறோமோ அதைச் சோதிக்கல.

இதுக்கு வைத்தியம் இன்னும் இறுக்கறது இல்லை. காலரைக் கழட்டி அரத்தால ஒரு துளி தேய்க்கணும். மாட்டிப் பார்க்கணும். திரும்பக் கழட்டி, இன்னொரு துளி தேய்க்கணும். ஒரே ஒரு தடவை அதிகமா தேய்ச்சுட்டா காலர் குட்டையாகிடும், அப்புறம் மரம் நசுங்க ஆரம்பிக்கும். தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது, 'அன்டூ' கிடையாது. என் ஹவில்தார் சார் ஏன் கத்தினார்னு இப்போ தெரியுதா?

வரிசை தப்பினா பிளவு

இதே ரைஃபிள்ல இன்னொரு பொறி இருக்கு. தோள்ல வெக்கிற பின்கட்டையும் கையில பிடிக்கிற முன்கட்டையும் தனித்தனி. பின்கட்டையை ஒரு நீளமான போல்ட் இரும்போட பிடிச்சிருக்கும். அந்த போல்ட்டோட நுனி சதுரம். அது இரும்பைத் தாண்டி, முன்கட்டையோட பின்முனையில இருக்கிற ஒரு தகட்டுக்குள்ள போய் உட்காரும். போல்ட் தானா சுத்திக் கழலாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அழகான யோசனை.

ஆனா விஷயம் தெரியாத ஒருத்தர் பின்கட்டையைக் கழட்டலாம்னு நேரா அந்த போல்ட்டைத் திருகினா? சதுர நுனி தகட்டுக்குள்ளயே சுத்தும். முன்கட்டை அந்த இடத்துல பிளந்துடும். முதல்ல முன்கட்டையைக் கழட்டணும், அப்புறம்தான் பின்கட்டை. இந்த வரிசை ரைஃபிள் மேல எங்கேயும் எழுதியிருக்காது. ஆர்மரருக்குத் தெரியும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் காலத்து நம்பர் 4 மாடல்ல இந்தச் சதுர நுனியை எடுத்துட்டு ஸ்பிரிங் வாஷர் போட்டுட்டாங்க. மனுஷங்களுக்கு வரிசையைச் சொல்லிக் கொடுக்கறதைவிட, வரிசையே தேவைப்படாத டிசைன் பண்றது சுலபம்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க.

இஷாப்பூர் ஸ்க்ரூ

இந்த ரைஃபிள்கள் பிரிட்டன்ல மட்டும் செய்யப்படல. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆத்தங்கரையில இஷாப்பூர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல அங்கே வெடிமருந்து ஆலை இருந்துச்சு. 20ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல அது ரைஃபிள் தொழிற்சாலை ஆச்சு. லட்சக்கணக்கான லீ-என்ஃபீல்டு அங்கே செய்யப்பட்டுச்சு.

இந்திய வெயிலும் மழையும் இங்கிலாந்து மாதிரி இல்லை. மரம் பிளக்கும். இஷாப்பூர்ல என்ன செஞ்சாங்கன்னா, முன்கட்டைக்குக் குறுக்கா ஒரு கூடுதல் ஸ்க்ரூ போட்டு மரத்தைக் கட்டினாங்க. உலகம் முழுக்கப் பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க அதை இன்னைக்கும் 'இஷாப்பூர் ஸ்க்ரூ'ன்னுதான் சொல்றாங்க. ஆஸ்திரேலியாவுல லித்கோ தொழிற்சாலைக்கும் இதே மாதிரி தலைவலி. அவங்க உள்ளூர் மரம் மென்மையானது, ரைஃபிள் உதைக்கிற இடம் நசுங்கிடும். அந்த இடத்துல தாமிரத் தகடு வெச்சாங்க.

லண்டன்ல வரைஞ்ச வரைபடம் ஒண்ணுதான். இந்த ஊர் ஈரத்தையும் அந்த ஊர் மரத்தையும் வரைபடம் பார்த்ததே இல்லை. பார்த்தவங்க பட்டறையில நின்னவங்க. யோசனை முதல்ல யாருக்கு வந்துச்சோ, உலகம் ஞாபகம் வெச்சிருக்கிறது ஸ்க்ரூவையும் ஊர் பேரையும்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு சொல்லணும். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். ஜெனரல் டயரோட உத்தரவுல சிப்பாய்கள் சுட்டது 1650 ரவுண்டு. அரசாங்கக் கணக்கிலேயே இறந்தவங்க 379 பேர், இந்தியத் தரப்புக் கணக்கு அதைவிட ரொம்ப அதிகம். அன்னைக்கு அவங்க கையில இருந்ததும் பாயிண்ட் 303 தான். அந்த ரைஃபிள்களையும் யாரோ ஒருத்தர் நல்லா பராமரிச்சிருப்பார். ஸ்க்ரூ சரியா இருந்திருக்கும். நல்ல வேலை, நல்ல காரியத்துக்குத்தான் பயன்படும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. கோடு எழுதற நமக்கும் இது பொருந்தும். இதுக்கு மேல நான் விளக்கப் போறதில்லை.

தண்ணிக் குழாயில பிறந்த எண்

சரி, 'கைக்குத் தெரியும்'கிறது எப்போ எண்ணா மாறுச்சு? பதில் ராணுவத்துல இல்லை, குழாய்ல இருக்கு.

1918-ல், நியூயார்க் நகரக் குடிநீர் துறையில வேலை பார்த்த கான்ராட் பார்னு ஒருத்தர். ரோட்டுக்கு அடியில போகிற பெரிய குழாய்களோட இணைப்புல இருக்கிற போல்ட்டை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்கிடறாங்க. என்னை மாதிரி ஆட்கள்! அதைத் தடுக்கத்தான் எவ்வளவு முறுக்குறோம்னு தெரியற ஒரு ஸ்பேனரை அந்த வருஷம் உருவாக்கினதா அவர் சொல்லியிருக்கார். டார்க் ரெஞ்சுக்கான காப்புரிமைகள் 1930-கள்ல வந்துச்சு, அதுல அவர் பேரும் இருக்கு. அதுக்கப்புறம் கார் தொழிற்சாலைகள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ரைஃபிள் உலகத்துக்கு இது மெதுவாத்தான் வந்துச்சு. காரணம் மரம். எண்ணைச் சொன்னாலும் மரம் நாளைக்கு மாறிடுமே? 1966-ல் அமெரிக்க மரைன் படை ரெமிங்டன் 700-ஐ எம் 40-ங்கிற பேர்ல வியட்நாமுக்கு எடுத்துட்டுப் போச்சு. மரக்கட்டைதான். அந்த ஈரத்துல மரம் ஊதி முறுக்கிக்கிச்சு, குறி மாறிச்சு. நிலத்தைப் பறிகொடுத்துட்டு நின்ன வியட்நாம் விவசாயிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லைதான். ஆனா அமெரிக்கர்களுக்குப் பெரிய தலைவலி. 1970-கள்ல எம் 40 ஏ 1 வந்தப்போ மரத்தைத் தூக்கிட்டு ஃபைபர்கிளாஸ் கட்டை போட்டாங்க.

1988-ல் அமெரிக்க ராணுவத்தோட எம் 24 வந்துச்சு. செயற்கைக் கட்டை, அதுக்குள்ள அலுமினியப் பாளம். இரும்பு உட்கார்றது அலுமினியத்து மேல. இப்போதான் ஒரு எண் அர்த்தமுள்ளதா ஆச்சு: 65 அங்குல-பவுண்டு. நம்ம கணக்குல சுமார் 7.3 நியூட்டன் மீட்டர். ரைஃபிளோட பெட்டியிலேயே அந்த அளவுக்கான டார்க் ரெஞ்சும் கொடுத்தாங்க. அரத்தோட நின்ன ஆர்மரரோட கை, பெட்டியில ஒரு கருவியா வந்து உட்கார்ந்துச்சு.

ஆனா எண்ணும் பொய் சொல்லும்

ஆஹா, கடைசியில எண் கிடைச்சுடுச்சுன்னு நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் காலேஜ்ல மனப்பாடம் பண்ணி மறந்த மெஷின் டிசைன் பாடத்தைத் திரும்பப் புரட்டினேன்.

ஸ்க்ரூவை முறுக்கும்போது நாம போடற சக்தியில சுமார் 50 சதவீதம் தலைக்கு அடியில உராய்வுக்கே போயிடும். இன்னொரு 40 சதவீதம் இழைகளோட உராய்வுக்கு. உண்மையில பிடிச்சு இறுக்கறதுக்குப் போகிறது பத்துல ஒண்ணுதான். டார்க் ரெஞ்ச் காட்டறது மொத்தத்தை.

ஒரு கணக்கு போடுவோம். ரெமிங்டன் 700-ல் ஆக்‌ஷன் ஸ்க்ரூ கால் அங்குல விட்டம். பாடப்புத்தகச் சூத்திரம்: முறுக்கு = உராய்வு எண் × விட்டம் × பிடிப்பு விசை. உலர்ந்த ஸ்க்ரூவுக்கு உராய்வு எண் சுமார் 0.2. அப்போ 65 அங்குல-பவுண்டுக்குப் பிடிப்பு விசை 1300 பவுண்டு, கிட்டத்தட்ட 590 கிலோ. ஒரு சின்ன ஸ்க்ரூ அரை டன்னுக்கு மேல அழுத்துது! இப்போ அதே ஸ்க்ரூவுல துரு பிடிக்காம இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. உராய்வு எண் 0.15-க்கு இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. ரெஞ்ச் அதே 65-ஐத்தான் காட்டும். ஆனா விசை 1730 பவுண்டைத் தாண்டும். எண் மாறல, விசை மூணுல ஒரு பங்கு கூடிடுச்சு.

இதே 65-ஐப் பழைய மரக்கட்டையில போட்டா? அமெரிக்கக் கருப்பு வால்நட் மரம், இழைக்குக் குறுக்கா அழுத்தினா சதுர அங்குலத்துக்கு சுமார் 1000 பவுண்டுலயே நசுங்க ஆரம்பிச்சுடும். 1300 பவுண்டு ஒரு சதுர அங்குலத்துல விழுந்தா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. அதனாலதான் உள்ளே உலோகத் தூண் இல்லாத மரக்கட்டைக்கு 35, 40 மாதிரி குறைஞ்ச எண் சொல்றாங்க. 1936-ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-ல் மூணு ஸ்க்ரூ இருக்கு. அதுல நடு ஸ்க்ரூவைச் சும்மா முட்டற அளவுக்கு மட்டும்தான் திருகணும், இறுக்கினா இரும்பு வளையும். ஒரே ரைஃபிள், மூணு ஸ்க்ரூ, ஒரே எண் கிடையாது.

எண்ணுக்கு முன்னாடி ஒரு வரிசையும் இருக்கு. இழைகளைத் துடைச்சுச் சுத்தம் பண்ணணும். ரைஃபிளை நிமிர்த்தி அடிப்பக்கம் தரையில நிக்க வெக்கணும், இரும்பு தன் எடையால பின்னாடி போய்த் தாங்குற இடத்துல சரியா உட்காரும். அப்புறம் ரெண்டு ஸ்க்ரூவையும் விரல் அளவுக்கு. அதுக்கப்புறம் முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம்னு மாத்தி மாத்தி. கடைசியிலதான் ரெஞ்ச். உட்கார வேண்டிய இடத்துல உட்காராத ஒண்ணை 65-ல் இறுக்கினா, தப்பான இடத்துல உறுதியா உட்காரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கையும் எண்ணும்

2020 ஜனவரி 26, குடியரசு தின அணிவகுப்புல உத்தரப் பிரதேசக் காவல்துறை த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்துச்சு. 1907 மாடலோட வாரிசு, நூறு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. அதுக்குப் பின்னாடி எத்தனை ஆயுதக் கிடங்கு, எத்தனை அரம், எத்தனை கை இருந்திருக்கும்! காலரை எவ்வளவு தேய்க்கணும்னு அந்தக் கைகளுக்குத் தெரிஞ்சது, பெரும்பாலும் அந்தக் கைகளோடயே போயிடுச்சு.

நான் ஆரம்பத்துல எண் பக்கம் நின்னேன். இப்போ கொஞ்சம் நகர்ந்துட்டேன். எண் இல்லாத கை, அந்த ஆள் ரிட்டயர் ஆனதும் காணாம போயிடும். கை இல்லாத எண், எண்ணெய் விட்ட ஸ்க்ரூவுல தைரியமா பொய் சொல்லும். எழுதி வெக்கணும்னா எண்ணோட நிபந்தனையையும் சேர்த்து எழுதணும்: உலர்ந்ததா, எண்ணெய் விட்டதா, மரமா, அலுமினியமா, எந்த வரிசையில. 'என் மெஷின்ல ஓடுது'ன்னு மட்டும் எழுதி வெச்சா அது டாக்குமென்டேஷன் இல்லை.

போன வாரம் மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன். உரிஞ்ச இடத்துல புது இழை போட்டிருந்தார். "நீயே மாட்டு"ன்னு போல்ட்டைக் கையில கொடுத்தார். வாஷரைத் துடைச்சேன். விரலால நிக்கிற வரைக்கும் திருகினேன். அப்புறம் குட்டை ஸ்பேனர். ஒரு இடத்துல கையில ஏதோ மாறுச்சு. நிறுத்திட்டேன். நான் வாங்கிட்டுப் போயிருந்த டார்க் ரெஞ்சை வெச்சுப் பார்த்தோம். மேனுவல்ல சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு. இன்னும் ஒரு சின்ன நகர்வு, கிளிக்.

"ம், இப்போ கேக்குது உனக்கு"ன்னார் அண்ணன். அப்புறம் அந்த ரெஞ்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது எவ்வளவு தம்பி?"ன்னு கேட்டார்.

உங்க வீட்டுல, உங்க தெருவுல இப்படிக் கைக்கு மட்டுமே தெரிஞ்ச வேலை ஏதாவது இருந்தா, அந்தக் கை இருக்கும்போதே பக்கத்துல உட்கார்ந்து எழுதிக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.